கம்பனி பிரிந்தால் ஆற்றுக்கு என்ன?



2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் வந்த நாளிலிருந்து, மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பது பற்றி ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. பில் கூடுமா, வேலை போகுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பிரித்த பிறகு நிலத்துக்கும் தண்ணீருக்கும் வரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் அணுமின் நிலையங்கள் விடயத்தில் இதே கேள்வி எழுந்து பல வருடம் இழுபட்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

அமெரிக்காவின் தேசிய சுற்றாடல் கொள்கைச் சட்டத்தில் 1970 ஜனவரி 1ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்டார். அரசாங்கம் ஒரு பெரிய வேலையைச் செய்வதற்கோ அனுமதிப்பதற்கோ முன்னர், அதனால் சுற்றாடலுக்கு என்ன நடக்கும் என்று ஆராய்ந்து எழுத வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அப்போது அணுசக்திக்குப் பொறுப்பாக இருந்த ஆணைக்குழு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேரிலாந்தில் செசபீக் குடாவின் கரையில் கல்வர்ட் கிளிஃப்ஸ் என்ற அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சுற்றாடல் அறிக்கையைக் கோவையில் சேர்த்து அனுப்பினால் மட்டும் போதாது, முடிவெடுப்பவர்கள் அதை உண்மையாகவே எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று 1971 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சுற்றாடல் சட்ட வரலாற்றில் பெரிய தீர்ப்பு அது.

அதன் பிறகு நிலையம் கட்டுவதென்றால் ஆய்வு, அனுமதிப்பத்திரத்தை நீடிப்பதென்றாலும் ஆய்வு. ஆனால் நிலையத்தின் சொந்தக்காரர் மாறினால்? தாய்க் கம்பனி தன்னை இரண்டாக உடைத்து, நிலையத்தைப் புதுக் கம்பனியின் கையில் கொடுத்தால்?

1990களில் இப்படி விண்ணப்பம் வந்தால், அணு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு சில பக்கங்களில் ஒரு சுற்றாடல் மதிப்பீடு எழுதி வெளியிடும். உலை மாறவில்லை, இயக்கும் முறை மாறவில்லை, வெளியேறும் கழிவும் கூடவில்லை, ஆகவே குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று அது முடியும். பெயரை மாற்றிவிட்டால் அடுத்த நிலையத்துக்கும் அதே வாசகம் பொருந்தும். பின்னர் அந்தச் சில பக்கங்களும் தேவையில்லாமல் போயின. அனுமதிப்பத்திரத்தைக் கைமாற்றுவது என்ற வகையே சுற்றாடல் ஆய்விலிருந்து விலக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. அதே இன்ஜினியர்மார், அதே இயந்திரம், அதே விதிகள், அதே பரிசோதகர்கள். கந்தோரில் பெயர்ப்பலகை மாறினால் ஆற்று மீனுக்கு என்ன என்ற கேள்வி நியாயமானது போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வாதம் பணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அணுமின் நிலையம் ஓடும்போது உழைக்கும். நின்ற பிறகுதான் அதன் பெரிய செலவு வரும். உலையைக் கழற்ற வேண்டும், மண்ணைச் சுத்தப்படுத்த வேண்டும், பாவித்த எரிபொருளைப் பல தசாப்தங்கள் காவல் காக்க வேண்டும். அதற்காக ஒரு நம்பிக்கை நிதியம் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அங்கு சட்டம். எமது வழக்கில் சொன்னால் அது அமானத். அது போதாமல் போனால் மிச்சத்தைக் கொடுக்க ஒரு வலுவான சொந்தக்காரர் இருக்க வேண்டும்.

இனி என்டர்ஜி கம்பனியின் கதைக்கு வருவோம். நியூ ஓர்லியன்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் கம்பனி தெற்கு மாநிலங்களில் மின் விநியோகம் செய்துவந்தது. 1999இல் மாஸசூசெட்ஸில் பில்கிரிம் நிலையத்தை வாங்கியது. அடுத்தடுத்து நியூயோர்க்கில் ஃபிட்ஸ்பற்றிக், இந்தியன் பொயின்ற் 2, 3, வெர்மொன்ட் மாநிலத்தில் வெர்மொன்ட் யாங்கி, 2007இல் மிச்சிகனில் பலிசேட்ஸ் என்று ஐந்து இடங்களில் ஆறு உலைகள் சேர்ந்தன. 2007 நவம்பரில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த ஆறு உலைகளையும் பிரித்தெடுத்துத் தனிக் கம்பனியாக்கி, அதன் பங்குகளை என்டர்ஜியின் பங்குதாரர்களுக்கே கொடுப்பது. புதுக் கம்பனிக்கு எனெக்ஸஸ் என்று பெயர் வைத்தார்கள். அது பிறக்கும்போதே 4.5 பில்லியன் டொலர் வரை கடன்படும் என்றும், அதன் பலன் தாய்க் கம்பனியின் பக்கம் போகும் என்றும் கணக்குப் போடப்பட்டது.

சொத்துப் பிரிப்பதில் முதலில் கடன், பிறகுதான் பங்கு என்பது எமது வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே முறை தலைகீழாக இருந்தது. பழைய உலைகளும் கடனும் ஒரு பிள்ளைக்கு. நிலையான வருமானமுள்ள விநியோக வியாபாரம் தாயிடமே.

2008 ஜூலையில் அணு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதற்கு அனுமதி கொடுத்தது. கைமாற்றம் என்ற வகைக்குள் வந்ததால் சுற்றாடல் ஆய்வு நடக்கவில்லை.

ஆனால் ஆற்றங்கரையில் அப்போது என்ன நிலைமை? இந்தியன் பொயின்ற் நிலையம் ஹட்சன் ஆற்றின் ஓரத்தில், நியூயோர்க் நகர எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. உலைகளைக் குளிர்விக்க நாளொன்றுக்கு 9 பில்லியன் லீற்றர் வரையான ஆற்று நீரை இழுத்துச் சூடாக்கித் திரும்ப விட்டது. மீன் முட்டையும் குஞ்சும் அதோடு போயின. 2005இல் பாவித்த எரிபொருள் வைக்கும் தொட்டியிலிருந்து ட்ரிட்டியம் கசிவது தெரியவந்தது. ஆற்று நீரை இப்படி இழுப்பதைக் குறைக்கக் குளிரூட்டும் கோபுரங்கள் கட்ட வேண்டும் என்று மாநிலச் சுற்றாடல் திணைக்களம் நெருக்கியது. அதற்குப் பில்லியன் டொலருக்கு மேல் தேவைப்படும் என்று கம்பனியே சொன்னது. வெர்மொன்ட் யாங்கியிலும் 2010 ஜனவரியில் ட்ரிட்டியக் கசிவு வெளிப்பட்டது. நிலத்துக்கடியில் அப்படியான குழாய்களே இல்லை என்று கம்பனி அதிகாரிகள் முன்பு மாநிலத்துக்குச் சொல்லியிருந்தது பிழை என்பதும் அதோடு அம்பலமானது. அடுத்த மாதமே வெர்மொன்ட் செனட் சபை 26க்கு 4 என்ற வாக்குகளால், 2012க்குப் பிறகு அந்த நிலையம் ஓடக்கூடாது என்று முடிவெடுத்தது.

கோபுரத்துக்கும் பணம் வேண்டும், கசிவை அகற்றவும் பணம் வேண்டும். கழுத்து வரை கடனில் பிறக்கும் கம்பனி எங்கிருந்து கொடுக்கும் என்பது கணக்குக் கேள்வி போல இருந்தாலும், சரியான சுற்றாடல் கேள்வி அதுதான் என்பது எமது கருத்து.

கடைசியில் அதைக் கேட்டது சுற்றாடல் சட்டம் அல்ல. நியூயோர்க் மாநிலத்தின் பொதுச் சேவை ஆணைக்குழு (எங்கள் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாதிரியானது) இந்தப் பிரிப்பு பொதுமக்களுக்கு நன்மையா என்று விசாரித்தது. என்டர்ஜி கடனை 3.5 பில்லியனாகக் குறைப்பதாக இறங்கி வந்தது. அதுவும் எடுபடவில்லை. கடன் சுமை அளவுக்கு மிஞ்சியது, இது பொது நலனுக்கு உகந்ததல்ல என்று 2010 மார்ச் 25ஆம் திகதி ஆணைக்குழு நிராகரித்தது. சில நாட்களில் ஏப்ரல் 2ஆம் திகதி, இந்தியன் பொயின்ற்றுக்குத் தேவையான நீர்த் தரச் சான்றிதழையும் சுற்றாடல் திணைக்களம் மறுத்தது. ஏப்ரல் தொடக்கத்திலேயே என்டர்ஜி பிரிப்புத் திட்டத்தைக் கைவிட்டது.

இத்தோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மலிவான எரிவாயுவோடு போட்டிபோட முடியாமல் இந்த நிலையங்கள் திண்டாடின. வெர்மொன்ட் யாங்கி 2014 முடிவில் நின்றது, பில்கிரிம் 2019இல் நின்றது. இந்தியன் பொயின்ற்றின் கடைசி உலை 2021 ஏப்ரல் 30ஆம் திகதி நிறுத்தப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப நியூயோர்க் அதிகமாக எரிவாயுவை எரிக்க வேண்டி வந்தது, அதுவும் சுற்றாடலுக்கு நட்டம்தான். ஃபிட்ஸ்பற்றிக் மட்டும் 2017இல் எக்ஸலன் கம்பனிக்கு விற்கப்பட்டு இன்றும் ஓடுகிறது.

பிரிப்பது எல்லாமே கெட்டது என்றும் சொல்ல மாட்டோம். அதே எக்ஸலன் 2022 பெப்ரவரியில் தன் அணுமின் நிலையங்களைக் கொன்ஸ்டலேஷன் என்ற தனிக் கம்பனியாகப் பிரித்தது. அது அளவான கடனோடு புறப்பட்டது, இன்று செழிப்பாக நிற்கிறது. 1971 தீர்ப்புக்குக் காரணமான கல்வர்ட் கிளிஃப்ஸும் இப்போது அதன் கையில்தான். அந்த நிலையத்தின் அனுமதிப்பத்திரம் இத்தனை கை மாறியதும் விலக்களிக்கப்பட்ட வகைக்குள் வந்தது ஒரு வேடிக்கை.

மூடிய பிறகு இந்தியன் பொயின்ற், நிலையங்களைக் கழற்றும் தொழில் செய்யும் ஹோல்டெக் என்ற கம்பனிக்குக் கைமாறியது. அதற்கும் ஆணைக்குழு அதே விலக்கின் கீழ்தான் அனுமதி கொடுத்தது. இம்முறை நியூயோர்க் சட்டமா அதிபர் 2021 ஜனவரியில் நீதிமன்றம் போனார். ஏப்ரலில் இணக்கம் ஏற்பட்டது. நிதியத்தில் பத்து வருடங்களுக்கு 400 மில்லியன் டொலருக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஹோல்டெக்கிடம் எழுதி வாங்கினார்கள். பாவித்த எரிபொருள் இன்னும் அந்த ஆற்றங்கரையில்தான் கொங்கிரீட் கொள்கலன்களில் இருக்கிறது.