நிலவின் அதிர்வைப் பிரித்துக் காட்டிய பணிக் குறிப்பேடு

ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குச் செக்ரோல் புத்தகம் புதிதல்ல. விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கப்படும். யார் வேலைக்கு வந்தார், எந்த நிரையில் பால் மரம் சீவினார், எவ்வளவு பால் கொண்டு வந்தார் என்பதைக் கிராணி எழுதி வைப்பார். ஒரு பெயர் விடுபட்டால் அன்றைய உழைப்புக்குச் சாட்சி இல்லை.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று மலாக்காவின் புக்கிட் ரம்பாய் போன்ற தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். அங்கேயும் ஒரு புத்தகம் இருக்கிறது. இரவு ஷிப்ட்டில் எந்த இயந்திரம் நின்றது, எந்த வால்வு மூடப்பட்டது, எதைத் தொடக் கூடாது என்பதைக் காலையில் வருபவர் அதைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்கிறார்.

விண்வெளிப் பயணங்களும் இதே போன்ற ஒரு புத்தகத்தை நம்பித்தான் நடக்கின்றன. அது இப்போது கணினியில் இருக்கிறது. பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் அதில் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். இதையே மின்னியல் பொதுக் குறிப்பேடு என்கிறோம்.

குறிப்பேட்டில் என்ன இருக்கும்?

ஒரு விண்கலத்தை ஒருவர் மட்டும் இயக்குவதில்லை. மின்சக்தியைக் கவனிக்க ஒருவர், வெப்பநிலைக்கு ஒருவர், பாதைக்கு ஒருவர், தகவல் தொடர்புக்கு ஒருவர், ஆய்வுக் கருவிகளுக்குச் சிலர் என்று கட்டுப்பாட்டு அறையில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். வேலை 24 மணி நேரமும் நடக்கும். ஆட்கள் ஷிப்ட் முறையில் மாறுவார்கள்.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் நடந்ததை உடனுக்குடன் பதிகிறார்கள். எந்தக் கட்டளை எப்போது அனுப்பப்பட்டது, விண்கலம் என்ன பதில் தந்தது, எந்த அளவீடு வழக்கத்துக்கு மாறாக இருந்தது, அதற்கு யார் என்ன முடிவு எடுத்தார் என்பவை அதில் இருக்கும். அறிவியலாளர்களும் தம் குறிப்புகளைச் சேர்ப்பார்கள். எந்தப் பாறையைப் படம் எடுத்தோம், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பவை அவர்களுடைய பகுதி.

காகிதப் புத்தகத்தைவிட இதில் பல வசதிகள் உண்டு. படத்தையும் வரைபடத்தையும் பதிவோடு இணைக்கலாம். ஒருவர் எழுப்பிய கேள்விக்குக் கீழேயே மற்றவர் பதில் எழுதலாம். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பதிவை ஒரு சொல்லை வைத்துத் தேடி எடுக்கலாம்.

வசதிகளைவிட முக்கியம் அதன் ஒழுங்கு. ஒவ்வொரு பதிவிலும் எழுதியவர் பெயரும் நேரமும் இருக்க வேண்டும். பழைய பதிவை அழிக்கக் கூடாது. தவறு நேர்ந்தால், திருத்தத்தைப் புதிய பதிவாக எழுத வேண்டும். அழிக்க முடிந்த புத்தகத்தை யாரும் சாட்சியாக எடுத்துக் கொள்வதில்லை.

எல்லாருக்கும் ஒரே கடிகாரம்

2023 ஆகஸ்டு 23ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது இந்தியாவில் மாலை மணி 6.04. மலேசியாவில் இரவு மணி 8.34. உதவிக்கு நின்ற வெளிநாட்டு அலைவாங்கி நிலையங்களில் வேறு வேறு நேரம். அவரவர் ஊர் நேரத்தில் எழுதினால் எது முதலில் நடந்தது என்பதிலேயே குழப்பம் வரும். அதனால் விண்வெளிப் பணிகளில் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தையே எழுதுவது வழக்கம். அந்தக் கணக்கில் அது 12.34 மணி.

தேதிக்குப் பதிலாக ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எழுதும் முறையும் உண்டு. ஆகஸ்டு 23 என்பது 2023இன் 235ஆவது நாள்.

ஊர் நேரத்தை நம்ப முடியாது என்பதற்கு நம் நாடே உதாரணம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982 ஜனவரி முதல் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. 1981இல் மலாக்காவில் எழுதிய நேரத்தையும் 1982இல் எழுதிய நேரத்தையும் அப்படியே ஒப்பிட்டால் அரை மணி நேரம் பிசகும்.

செவ்வாயில் வேலை என்றால் இன்னொரு சிக்கல். அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடத்துக்குச் சற்று மேல். 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் இறங்கியபோது, அவற்றை இயக்கியவர்கள் முதல் சில மாதங்கள் செவ்வாய் நேரப்படியே வேலைக்கு வந்தார்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் நேரம் ஏறக்குறைய 40 நிமிடம் தள்ளிப் போனது. அங்கே நாள்களை ‘சோல்’ என்று எண்ணிப் பதிந்தார்கள். எந்த சோலில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்ற ஆவணங்களை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் தொகுத்து, பொதுமக்களும் பார்க்கும்படி வைத்துள்ளது.

250 அதிர்வுகளில் 50

குறிப்பேடு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சந்திரயான்-3 நல்ல பதிலைத் தருகிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் பி. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகனான அவர், பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கி, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வரை படித்தவர்.

விக்ரம் தரையிறங்கு கலத்தில் ‘இல்சா’ என்ற அதிர்வுமானி இருந்தது. நிலவின் தரையில் ஏற்படும் மிகச் சிறிய நடுக்கத்தையும் அது உணரும். ஆனால் அதன் பக்கத்திலேயே பிரக்யான் ஊர்தி நகர்ந்து கொண்டிருந்தது. மற்றக் கருவிகளும் இயங்கின. கருவியில் பதிவான நடுக்கம் நிலவுடையதா, நம் ஊர்தியுடையதா?

பிரக்யான் நகர்ந்ததால் உண்டான அதிர்வு ஆகஸ்டு 25ஆம் தேதி பதிவானது. மறுநாள் 26ஆம் தேதி, இயற்கையானது என்று தோன்றிய ஓர் அதிர்வும் பதிவானது. இதை இஸ்ரோ அந்த மாத இறுதியில் அறிவித்தது. அதன் பிறகு ஏறக்குறைய 190 மணி நேரத் தரவை ஆய்வு செய்ததில் 250க்கும் மேற்பட்ட அதிர்வுகள் கிடைத்தன. அவற்றில் 200 அளவிலானவை ஊர்தியின் நகர்வோடும் கருவிகளின் இயக்கத்தோடும் பொருந்தின. சுமார் 50 அதிர்வுகள் எதனோடும் பொருந்தவில்லை. ஆராய்ச்சிக்குரியவை அந்த 50தான்.

ஊர்தி எந்த நிமிடத்தில் நகர்ந்தது, எந்தக் கருவி எப்போது இயங்கியது என்ற பதிவு இல்லாவிட்டால் இந்தப் பிரிப்பைச் செய்திருக்கவே முடியாது. 250உம் ஒரே குவியலாகக் கிடந்திருக்கும். இயக்குபவர் எழுதிய நேரமும் அறிவியலாளர் எடுத்த அளவீடும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கண்டுபிடிப்பு பிறக்கிறது.

முறையாகப் பதியாத சந்தேகம்

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1998 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம், 1999 செப்டம்பர் 23ஆம் தேதி செவ்வாயை அடைந்தபோது தொலைந்து போனது. ஒரு கணினி நிரல் உந்துவிசையின் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. அதை வாங்கிய குழு நியூட்டன் அளவு என்று எடுத்துக் கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நாலரை மடங்கு வேறுபாடு. பாதை மெல்ல மெல்ல விலகி, விண்கலம் செவ்வாய்க்கு மிக அருகில், சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்துக்குள் புகுந்தது.

இந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் போகவில்லை. கணக்கு சரியாக வரவில்லை என்பதைப் பாதையைக் கவனித்தவர்கள் பயணத்தின்போதே பார்த்திருந்தார்கள். ஆனால் அவர்கள் அதை மின்னஞ்சல்களில் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். கோளாறுகளைப் பதிந்து, தீரும்வரை பின்தொடரும் முறையான பதிவேட்டை நாடவில்லை என்று விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. முறையாகப் பதிந்த சந்தேகத்துக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். பேச்சோடு போன சந்தேகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

விண்வெளியில் ஒரு கலம் போனது. பூமியில் உயிர்களே போயின. 1988 ஜூலை 6ஆம் தேதி இரவு, வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பகல் ஷிப்ட்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. அந்தத் தகவல் இரவு ஷிப்ட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்ப்பை இயக்கினார்கள்.

நம் நாட்டில்

மலேசியாவுக்கும் இந்த வேலையில் பழக்கம் உண்டு. டாக்டர் ஷேக் முஸாபார் 2007 அக்டோபர் 10ஆம் தேதி புறப்பட்டு, அனைத்துலக விண்வெளி நிலையத்தில் உயிரணுக்கள், நுண்ணுயிர்கள், புரதப் படிகங்கள் தொடர்பான சோதனைகளைச் செய்து, 21ஆம் தேதி பூமிக்குத் திரும்பினார். அத்தகைய சோதனைகளில் மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, எந்த வெப்பநிலையில் இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், தரையில் காத்திருக்கும் ஆய்வாளருக்கு அந்த மாதிரியால் பயனில்லை.

அந்த நிலையத்தில் 2000 நவம்பர் முதல் மனிதர்கள் இடைவிடாமல் வசிக்கிறார்கள். முதல் குழுவின் தலைவர் வில்லியம் ஷெப்பர்டு கடற்படையில் இருந்தவர். கப்பல்களின் வழக்கப்படி அங்கேயும் அன்றாடக் குறிப்பு எழுதினார்.

2009 ஜூலை 14ஆம் தேதி ஏவப்பட்ட ரசாக்சாட் செயற்கைக்கோளைச் சிலாங்கூர், பந்திங்கில் உள்ள தேசிய விண்வெளி மையத்திலிருந்து கட்டுப்படுத்தினார்கள். இத்தகைய செயற்கைக்கோள் ஒவ்வொரு முறையும் தலைக்கு மேல் சில நிமிடங்களே கடந்து செல்லும். அந்தச் சில நிமிடங்களில் என்ன அனுப்ப வேண்டும், போன முறை எது பாக்கி என்பது எழுத்தில் தயாராக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் போதாதா?

இன்று பல வேலையிடங்களிலும், கோயில் நிர்வாகங்களிலும், பள்ளி பெற்றோர் சங்கங்களிலும் எல்லாமே வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. அவசரத்துக்கு அது உதவும். குறிப்பேடாக அது போதாது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே முக்கியச் செய்தி புதைந்து விடும். அனுப்பியவர் அழிக்கலாம். கைபேசி மாறினால் பழையது போய் விடலாம். புதிதாகச் சேர்பவருக்கு முன்பு நடந்தது முழுதாகத் தெரியாமல் போகலாம்.

பெரிய ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் கருவிகள் எல்லாம் விலை உயர்ந்தவை என்றும் எண்ண வேண்டாம். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ஈலாக்’ என்ற மின்னியல் குறிப்பேட்டு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், பக்க எண் போட்ட ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் போதும்.

விதிகள் நான்குதான். நடந்த உடனே எழுதுவது. நேரமும் பெயரும் போடுவது. அழிக்காமல் திருத்துவது. ஷிப்ட் மாறும்போது வருபவர் அதைப் படித்து முடிக்கும்வரை போகிறவர் காத்திருப்பது. இவற்றில் கடைசி விதியைத்தான் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நாம் முதலில் விட்டு விடுகிறோம்.