தலைச்சுமைப் பாதை

கொடைக்கானல் ஏரியில் முதலில் மிதந்த படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச், பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்டு, 1863-ல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி அந்த ஏரியை உண்டாக்கினார். மீன் விட்டார், படகும் விட்டார். கொடைக்கானலின் கதையை யார் எழுதினாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் படகை மேலே கொண்டுபோனது யார் என்று கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. வத்தலக்குண்டு வழியாகப் போகும் லாஸ் காட் சாலை 1914-ல்தான் கட்டி முடிந்தது. பொதுமக்கள் போக்குவரத்துக்கு 1916-ல்தான் திறந்தார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், சக்கரம் ஏற வழியில்லாத மலையில் ஒரு படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்றால், அது ஆள்பலத்தில்தான் ஏறியிருக்க வேண்டும்.

நான் பெரியகுளத்துக்காரன். கும்பக்கரை அருவிக்கு மேலே வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பாதையில் சின்ன வயதிலிருந்தே நடக்கிறேன். இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் அந்தப் பாதையைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். என்ன ஷூ வாங்கலாம், எத்தனை லிட்டர் பை வேண்டும் என்று கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பாதை யாருடையது என்பதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1821-ல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு என்ற சர்வே அதிகாரி இந்த மலையை அளக்க வந்தார். கொடைக்கானலுக்கு முதன்முதலில் போன வெள்ளைக்காரர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அவர் தங்கியிருந்து மேலே ஏறியது வெள்ளகவியிலிருந்து. அப்படியென்றால் வார்டு வருவதற்கு முன்பே அங்கே ஓர் ஊர் இருந்தது, ஊருக்கு ஒரு பாதையும் இருந்தது. அது குன்னுவர்களின் ஊர். இந்தப் பழனிமலைத்தொடரில் குடியேறி, காடு திருத்தி, விளைந்ததைக் கீழே இறக்கி, உப்பையும் துணியையும் மேலே ஏற்றியவர்கள் அவர்கள். வார்டு வழியைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த வழியில் நடந்துபோனார்.

அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். 1834-ல் சப் கலெக்டர் ராட்டனும் ரெவின்யூ போர்டு உறுப்பினர் காட்டனும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூருக்கு அருகே சின்னதாக ஒரு பங்களா கட்டினார்கள். 1836-ல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தவித்தவர்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக் குடிபுகுந்தார்கள். மலைநகரத்தின் பிறப்பை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

அதற்குப் பிறகு எழுபது வருஷம், சாலை திறக்கும்வரை, அந்த நகரத்தைத் தாங்கியது தலைச்சுமைதான். ரயில் 1875-ல் மதுரைக்கு வந்த பின் பயணம் இப்படி அமைந்தது: அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள், இன்றைக்கு அந்த ஸ்டேஷனுக்குக் கொடை ரோடு என்று பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் முப்பது மைலுக்கு மேல் வந்து, மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்குவார்கள். அதோடு சக்கரத்தின் வேலை முடிந்தது. அங்கிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு மைல் ஏற்றம். அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கூலி காட். துரைகளில் சிலர் மட்டக்குதிரையில் போனார்கள். மற்றவர்கள், அதிலும் பெண்களும் குழந்தைகளும், மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலியில் போனார்கள். நாலு பேர் தூக்குவார்கள், தோள் மாற்ற ஆட்கள் கூடவே நடப்பார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், அரிசி எல்லாம் தனித்தனித் தலைகளில் பின்னால் வரும்.

1916-க்கு முன் கட்டிய கொடைக்கானல் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கணக்கு ஓடும். கல்லும் மரமும் மலையிலேயே கிடைத்திருக்கும். ஜன்னல் கண்ணாடி? அடுப்பு? கீல், தாழ்ப்பாள், ஆணி? ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய சும்மாட்டின் மேல் உட்கார்ந்துதான் வந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர்கள் பெயர் தெருக்களில் இருக்கிறது. 1872-ல் மலைவிளிம்பில் நடைபாதை போட்ட கோக்கர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சும்மாடு என்றேன். பழைய வேட்டியையோ துண்டையோ முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருக வேண்டும். நடுவில் குழி விழ வேண்டும்; தட்டையாக இருந்தால் சுமை வழுக்கும். எங்கள் தெருவில் மலைச்சரக்கு இறக்கிய பெரியவர்கள் ஏற்றத்துக்கு ஒரு மாதிரியும் இறக்கத்துக்கு ஒரு மாதிரியும் வைப்பார்கள். ஏறும்போது உடம்பு முன்னால் சாய்வதால் சும்மாடு கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். இறங்கும்போது நெற்றிப்பக்கம் வரும். பாதத்தை நேராக வைத்து இறங்க மாட்டார்கள். சரிவுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே இறங்குவார்கள். இன்றைக்கு மலையேற்றப் பயிற்சியில் சொல்லித்தருகிற அதே நடைதான். இவர்கள் அதைத் தலையில் மூட்டையோடு வெறுங்காலில் செய்தார்கள்.

அவர்களுடைய மற்ற ஆயத்தங்களும் சிக்கனமானவை. கோழி கூப்பிடக் கிளம்பிவிடுவார்கள். அடிவாரத்து வெயில் ஏறுவதற்குள் மரநிழலுக்குப் போய்விட வேண்டும். கேழ்வரகுக் களியோ புளிச்சோறோ கட்டிக்கொள்வார்கள். கையில் ஒரு கம்பு. மழைமாதத்தில் கம்பின் நுனியில் உப்பும் புகையிலைத்தூளும் முடிந்த சின்னத் துணிப்பொட்டலம் ஒன்று இருக்கும். காலில் அட்டை ஏறினால் பொட்டலத்தை ஈரத்தில் நனைத்து ஓர் ஒற்று ஒற்றினால் போதும், அட்டை தானே சுருண்டு விழும். பிய்த்து எடுக்கக் கூடாது. எடுத்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம். நான் இன்றும் அந்தப் பொட்டலம் இல்லாமல் மழைக்காலத்தில் ஏறுவதில்லை.

சாலை வந்ததும் கூலி காட் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்தது. நாற்காலி தூக்கியவர்களின் பிழைப்பு என்ன ஆனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாதையின் உறவு மட்டும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டியில் பூண்டுச் சந்தை நடக்கிறது; மேல்மலைப் பூண்டுக்குப் பெயர்போன சந்தை அது. பூண்டு விளைவது மலையுச்சியில், விற்பது அடிவாரத்தில். சுமை இறங்கிய இடத்தில் கூடிய சந்தை, சாலை வேறு பக்கம் திரும்பிய பிறகும் இடம் மாறவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெள்ளகவிப் பாதை மட்டும் சாகவில்லை. அதற்குக் காரணம் நடைப்பயணிகள் இல்லை, அந்த ஊர். சாலை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த ஊர் அது. காபி, மிளகு, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் குதிரை முதுகில் இறங்கும். ரேஷன் அரிசியும் சிமெண்டும் அதே முதுகில் ஏறும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை; ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். மழையில் மரம் சாய்ந்தால் அரிவாளோடு போய் வெட்டி ஒதுக்குவதும் கல் பெயர்ந்த இடத்தில் கல் வைப்பதும் அவர்கள்தான். அக்கம்பக்க மலைக்கிராமங்களான சின்னூர், பெரியூரில் உடம்புக்கு முடியாமல் போனால் இன்னமும் டோலி கட்டித்தான் பெரியகுளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு முனையிலும் தோள் கொடுத்து, கல்லாற்றில் வெள்ளம் வந்தால் கரையில் காத்திருந்து, தண்ணீர் வடிந்ததும் கடக்கிறார்கள். நோய்க்குத் தப்பி மலையேறிய வெள்ளைக்காரக் குடும்பத்தை ஒரு காலத்தில் சுமந்த மலை, இன்று பிரசவ வலி கண்ட தன் மகளைச் சுமந்து இறங்குகிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும்.

பொழுதுபோக்காக மலையேறுவது எங்கள் பக்கத்தில் புதுப்பழக்கம். அதன் விலையையும் நாங்கள் பார்த்தோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல் பற்றி எரிந்து, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் 23 பேர் மாண்டார்கள். கோடையில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் சருகாக நிற்கும். தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் தீக்காலத்தில் புல்மேட்டில் நடக்கும்போது எரிந்து கருகிய இடத்தையும் பாறைத்திட்டையும் கண்ணால் குறித்துக்கொண்டே நடப்பார்கள். ஒதுங்க வேண்டி வந்தால் அங்கேதான் ஓட வேண்டும். அந்த அறிவு ஷூவோடு கடையில் கிடைக்காது. அதே ஆண்டு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைக் குறித்து, உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து, அதை ஒரு திட்டமாகத் தொடங்கியது. மலைக்காரப் பிள்ளைகள் சுமைக்காக இல்லாமல் தங்கள் அறிவுக்காகக் கூலி வாங்குவது என்னைப் பொறுத்தவரை இந்த மலையின் சரித்திரத்திலேயே பெரிய மாற்றம்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். புல் காய்ந்த மாதங்களில் வராதீர்கள். ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இறக்கத்தில் நகம் போகாது, புதுஷூவோடு வராதீர்கள். மத்தியானம் எந்த இடத்தில் இருந்தாலும் வானத்தைப் பாருங்கள். மேலே கறுத்தால் ஓடையைக் கடக்க நினைக்காதீர்கள். வெள்ளகவிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், பேசிய கூலியைக் குறைக்காதீர்கள். ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே மூட்டையோடு குதிரை வந்தால் மலைப்பக்கமாக ஒட்டி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டாம். சாக்கு இடித்தால் ஆளைத் தள்ளிவிடும். குதிரைக்குப் பின்னால் வருகிறவர் கடந்து போகும்வரை வழி அவருடையது.