ஓடும் படச்சுருளை நிறுத்திய கதை: தொடக்ககாலப் புரொஜெக்டர்களின் இடைநிறுத்த இயக்கமும் தமிழகத் திரையிடலும்

சென்னை ஐயப்பன்தாங்கலில் ஏதாவது ஒரு தையல் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், சினிமா புரொஜெக்டரின் பாதிக் கதை விளங்கிவிடும். ஊசி மேலே எழும்பியதும் அடியிலுள்ள பல் துணியை ஒரு தையல் தூரம் தள்ளுகிறது. ஊசி இறங்கும்போது துணி அசையாமல் நிற்கிறது. டெய்லர் சீராகத்தான் மிதிக்கிறார். துணிதான் நின்று நின்று போகிறது. 1895 பிப்ரவரி 13 அன்று லூமியேர் சகோதரர்கள் காப்புரிமை பதிந்த சினிமாட்டோகிராஃபுக்குத் தையல் இயந்திரமே வழிகாட்டியது என்று லூயி லூமியேர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

படம் ஓடுகிறது என்கிறோம். ஓடும் படத்தைத் திரையில் காட்ட முடியாது என்பதுதான் அன்றைய பொறியாளர்களின் தலைவலி. எடிசனின் கினெட்டாஸ்கோப்பில் சுருள் நிற்காமல் ஓடியது. சுழலும் தகட்டிலிருந்த ஒரு கீற்று, ஒவ்வொரு படத்தையும் கணநேரம் மட்டும் காட்டியது. பெட்டிக்குள் குனிந்து பார்க்கும் ஒருவருக்கு அந்த வெளிச்சம் போதும். அரங்கு நிறைந்த கூட்டத்துக்குப் போதாது. திரை பிரகாசமாக வேண்டுமானால் படம் விளக்கின் முன் சற்றே தங்கியாக வேண்டும். ஆகவே புரொஜெக்டரின் வரலாற்றை, நகர்த்தக் கற்ற வரலாறாக அல்லாமல் நிறுத்தக் கற்ற வரலாறாகவே படிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

லூமியேரின் விடை, கொக்கி. சுருளின் இரு ஓரத்திலும் படத்துக்கு ஒன்றாகத் துளைகள். இரண்டு முனையுள்ள கொக்கி அவற்றில் நுழைந்து, ஒரு படம் கீழே இழுத்து, விலகி, வெறுங்கையோடு மேலே திரும்பும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எட்டுப் படம். நொடிக்கு இரண்டு சுற்று. அதே பெட்டி படம் பிடிக்கும், பிரதி எடுக்கும், திரையிடவும் செய்யும். 1893-இல் ஜார்ஜ் டெமெனி வேறு வழி கண்டார்: மையம் விலகிச் சுழலும் ஒரு கட்டை, சுருளை அடித்து அடித்து இழுத்தது. கோமோன் நிறுவனத்தின் தொடக்ககால ‘க்ரோனோ’ கருவிகள் இந்த வழியில் வந்தவை. (ஒலியோடு படம் காட்டிய அந்நிறுவனக் கருவியான க்ரோனோமெகாஃபோனை 1910 வாக்கில் சென்னையில் காட்டிய ரகுபதி வெங்கையாதான் பின்னர் 1914-இல் கெயிட்டி தியேட்டரைத் திறந்தார்.)

நிலைத்து நின்ற விடையோ கடிகாரக்காரர்களுடையது. ஸ்விஸ் கடிகாரங்களில் சாவியை அளவுக்கு மீறி முறுக்காமல் தடுத்த ‘ஜெனீவா’ சக்கரம், 1896-இல் லண்டனில் ராபர்ட் பால், பெர்லினில் ஓஸ்கர் மெஸ்டர், பாரிஸில் கோன்டின்சூசா ஆகியோர் கைகளில் புரொஜெக்டருக்குள் புகுந்தது. ஓயாமல் சுழலும் வட்டில் ஒரு முளை. அருகில் நான்கு பிளவுள்ள மால்ட்டீஸ் கிராஸ். முளை ஒரு பிளவுக்குள் நுழைந்து கிராஸைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு வெளியேறும். மீதி முக்கால் சுற்று நேரமும் வட்டின் விளிம்பு கிராஸை அசையவிடாமல் பூட்டிவைக்கும். கிராஸின் தண்டிலேயே 16 பல் ஸ்ப்ராக்கெட். கால் சுற்றுக்கு நான்கு பல், நான்கு துளை, ஒரு படம். நொடிக்கு 24 படம் என்றால், நகர்வதற்கு ஒரு நொடியில் 96-இல் ஒரு பங்கு. நிற்பதற்கு அதைப் போல மூன்று மடங்கு. அந்த நகர்வையும் ஷட்டர் மறைத்துவிடும்.

இந்தியாவுக்கு முதலில் வந்தது கொக்கிதான். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேரின் ஆள் மாரியுஸ் செஸ்தியே படம் காட்டினார். தொடக்கத்தில் லூமியேர்கள் கருவியை விற்கவில்லை. ஆளோடு அனுப்பினார்கள், ஆளோடு திரும்பப் பெற்றார்கள். பாலோ காசு கொடுத்தவர்க்கெல்லாம் விற்றார். கிராஸ் உலகெங்கும் பரவியதற்கு இந்த வியாபார வேறுபாடும் ஒரு காரணம். கருவி விலைக்குக் கிடைத்ததால்தான் சாமிக்கண்ணு வின்சென்ட் போன்றவருக்கு இடம் கிடைத்தது. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த அவர், 1905-இல் து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். இயந்திர வரைபடத்தோடு புழங்கிய ஒருவரின் கையில் புரொஜெக்டர் சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் பொருத்தமான தற்செயல்.

கிராஸ் ஏன் வென்றது? நுட்பத்தில் கொக்கி ஒன்றும் தாழ்ந்ததல்ல. கேமராக்களிலும் பெரும்பாலான 16 மி.மீ. புரொஜெக்டர்களிலும் இறுதிவரை அதுதான். வித்தியாசம் பிரதியின் ஆயுளில் இருக்கிறது. கொக்கி சட்டென்று இறங்கித் துளையின் விளிம்பைத் தாக்குகிறது. எல்லாப் பளுவும் ஓரிரு துளைகள் மேல். ஸ்ப்ராக்கெட்டில் பல பற்கள் ஒருசேரப் பிடிக்கின்றன. முளையும் பிளவுக்குள் வழுக்கி நுழைவதால் வேகம் மெல்லப் பிறந்து மெல்லவே அடங்குகிறது. பெருநகர ஏ சென்டரில் ஓடி, பி சென்டரில் தேய்ந்து, சிற்றூர் சி சென்டரின் டூரிங் கொட்டகைக்குக் கோடும் ஒட்டுமாக வந்துசேர்ந்த பிரதிக்கு இது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. ஸ்ப்ராக்கெட்டில் ஒரு துளை கிழிந்தாலும் பக்கத்துத் துளைகள் தாங்கிக்கொள்ளும்.

கிராஸ் மட்டும் போதாது. மேலே கனத்த ரீல் சீராகச் சுழல்கிறது; நடுவே படம் வெட்டி வெட்டி நகர்கிறது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் சுருள் அறுந்துவிடும். இடையில் தளர்வாக ஒரு வளைவு விட வேண்டும். அமெரிக்காவில் லேத்தம் குடும்பத்தின் பெயரால் வழங்கும் ‘லூப்’ இதுதான். உண்மையில் அது யாருடைய யோசனை என்ற தகராறு நீதிமன்றம் வரை போனது. கொஞ்சம் சுருளைத் தொங்கவிடுவதற்கு ஒரு காப்புரிமை!

பேச வந்த படம் இந்த வளைவின் மதிப்பை உயர்த்தியது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளியானது. சுருளின் ஓரத்திலேயே ஒலியைப் பதியும் முறையில் ஒரு முரண் உண்டு: விளக்கின் முன் படம் நின்றாக வேண்டும், ஒலித்தலையைக் கடக்கையில் அதே சுருள் ஒரு நொடியும் தயங்கக் கூடாது. அதனால் ஒலியைப் படத்துக்கு 20 பிரேம் முன்னதாகப் பதிந்து, ஒலித்தலையைக் கீழே தள்ளி வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே கீழ் லூப். அதன் அளவை ஆப்பரேட்டர் விரலாலேயே பிடித்து விடுவார். ஒரு பிரேம் பிசகினால் யாருக்கும் தெரியாது. மூன்று நான்கு பிசகினால் உதடு ஒருபுறம், வசனம் ஒருபுறம்; கொட்டகையில் விசில் பறக்கும். ஆப்பரேட்டர் இயந்திரத்தை நிறுத்தி, விளக்கின் முன் படம் நிற்கும் கேட்டைத் திறந்து, அந்த வளைவை மறுபடி விட்டுக்கொண்டிருப்பார்.