அலைக்குப் பின் வந்த பாடம்

மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பகுதியை ஒட்டிய ஊர் மூதூர். நீரோடு பழகும் திறன் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக வீட்டிலேயே கிடைத்து வந்தது. தோணி தள்ளும்போதும் வலை இழுக்கும்போதும் பெரியவர்களுடன் நின்று ஆழத்தையும் காற்றையும் அறிந்துகொண்டார்கள். அன்றாடக் கடலுக்கு அது போதும், சுனாமிக்குப் போதவில்லை.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்தது. எச்சரிக்க அமைப்பு எதுவும் இல்லாததால் அந்த இடைவெளி வீணாயிற்று. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர், மூதூரும் தப்பவில்லை. நிலநடுக்க மையத்துக்கு அருகே இருந்த சிமெலுவே தீவினருக்குக் கிடைத்ததோ சில நிமிடங்கள். ஆயினும் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. 1907இல் வந்த பேரலையின் கதையைத் தாலாட்டிலேயே பிள்ளைகளுக்கு ஊட்டியிருந்தார்கள்: நிலம் ஆடினால், கடல் வற்றினால், குன்றுக்கு ஓடு.

இப்பாடத்தை அப்படியே மூதூருக்குக் கொண்டுவர முடியாது. தொலைவில் நேரும் அதிர்வு இங்கே உறைக்காது. இலங்கைக் கரையில் முதல் அலை கடலை உள்ளிழுக்காமல் நேரே உயர்ந்தே வந்தது. ஏறி நிற்கத் திருகோணமலை நகரில் உள்ளது போன்ற பாறைக் குன்றுகளும் தாழ்வான இந்த மணற்கரையில் இல்லை. எனவே சைரனைக் கேட்டு உடனே நகரப் பழகுவதே வழி. 2005ஆம் ஆண்டின் சட்டத்தையடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2009 ஒக்டோபரில் 18 நாடுகள் சேர்ந்து நடத்திய இந்து சமுத்திர ஒத்திகையில் இலங்கையும் பங்கேற்றது. பாடசாலை ஒத்திகையின் முறை எளிது: மணி அடித்ததும் புத்தகப் பையை விட்டுவிட்டு வரிசையில் வெளியேறுவது, குறித்த பாதையில் உள்நிலம் நோக்கி நடப்பது, சேர்ந்த இடத்தில் பெயர் சொல்லி நிற்பது. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவு நிலநடுக்கத்துக்குப் பின் கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டபோது பெரிய அலை எதுவும் வரவில்லை. அதை வீண் அலைச்சல் என்று சொல்வது தவறு.

இதற்கிடையே 2006இல் உள்நாட்டுப் போர் மூதூரைச் சூழ்ந்தது. ஊர் மக்கள் கந்தளாய்ப் பக்கமும் வாகரைப் பக்கமும் இடம்பெயர்ந்தார்கள். அருகிலுள்ள சம்பூரின் மக்கள் பலர் 2015 வரை காத்திருந்தே திரும்பினார்கள். போர் முடிந்த நிலங்களில் சிறுவர்களுக்குச் சொல்லப்பட்டது வேறொரு பாடம். யுனிசெப் ஆதரவுடன் வடக்கு, கிழக்குப் பாடசாலைகளில் படங்களும் நாடகங்களும் மிதிவெடியை அடையாளம் காட்டின. மற்றப் பாடங்களில் கை வைத்தால்தான் கற்க முடியும். இதில் கையை விலக்கவே பழக வேண்டும். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் நில், வந்த தடத்திலேயே திரும்பு, பெரியவரிடம் சொல் என்பதே பயிற்சி.

நீச்சல் மட்டும் இன்னும் பெரும்பாலும் வீட்டுப் பொறுப்பாகவே இருக்கிறது. அதன் தேவையை நினைவூட்டும் விதமாக, 2021 நவம்பர் 23 அன்று, அயல் ஊரான கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டு வந்த காலத்தில், மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. இறந்தோரில் பாடசாலை மாணவர்களும் இருந்தனர்.