எரிபொருள் மானி

எரிபொருள் மானி என்பது தானுந்து முதலிய ஊர்திகளின் எரிபொருள் தாங்கியில் எஞ்சியுள்ள எரிபொருளின் அளவைக் காட்டும் கருவி ஆகும். பெரும்பாலான மானிகள் எரிபொருளின் கனவளவை நேரடியாக அளப்பதில்லை. தாங்கியின் ஓரிடத்தில் உள்ள திரவ மட்டத்தின் உயரத்தையே அளக்கின்றன. ஊர்தி ஓடும்போது அளவீடு தளம்புவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

அமைப்பு

தாங்கியினுள் ஒரு மிதவை உள்ளது. இது மெல்லிய கம்பியினால் மாறுமின்தடையம் ஒன்றின் நகரும் தொடுமுனையுடன் இணைக்கப்பட்டிருக்கும். எரிபொருள் மட்டம் மாறும்போது மிதவை ஏறி இறங்குவதால் மின்தடை மாறுகிறது. அதற்கேற்பச் சுட்டுமுள் அசைகிறது. மின்தடையின் வீச்சு எல்லா ஊர்திகளிலும் ஒன்றன்று. சிலவற்றில் வெறுந்தாங்கிக்கு 0 ஓம், நிறைதாங்கிக்கு 90 ஓம். வேறு சிலவற்றில் முறையே 240 ஓம், 33 ஓம். ஆகவே கம்பி அறுந்தால் முதல்வகை மானி "நிறைவு" எனவும், இரண்டாம் வகை "வெறுமை" எனவும் காட்டும்.

தளம்பலுக்கான காரணங்கள்

* திரவ அலைவு: வேகம் கூட்டும்போதும், தடுப்பை அழுத்தும்போதும், வளைவுகளிலும் எரிபொருள் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. சமதரையில் நிறுத்தியதும் முள் நிலைபெறும். இது பழுதன்று.
* சரிவு: ஏற்ற இறக்கங்களில் மட்டம் சாய்வதால் அளவீடு கூடியோ குறைந்தோ காணப்படும்.
* மின்தடையத் தேய்வு: தொடுமுனை உரசும் தடம் தேய்ந்தால், குறிப்பிட்ட ஒரு மட்டத்தை அடையும்போதெல்லாம் முள் துள்ளும்.
* தளர்ந்த இணைப்பு: எர்த் எனப்படும் புவியிணைப்பில் துரு ஏறினாலோ கம்பி தளர்ந்தாலோ, தாங்கியில் எவ்வளவு எரிபொருள் இருப்பினும் மேடுபள்ளங்களில் முள் துள்ளும்.
* மின்னழுத்த மாற்றம்: பழைய ஊர்திகளில் மானிகளுக்கான மின்னழுத்த நிலைப்படுத்தி பழுதுற்றால், வெப்பமானி உள்ளிட்ட பிற மானிகளும் சேர்ந்து பிழை காட்டக்கூடும்.

தளம்பலைக் குறைக்கும் முறைகள்

தாங்கியினுள் துளைகளுள்ள தடுப்புத் தகடுகள் அமைத்து அலைவு குறைக்கப்படுகிறது. பழைய மானிகளில் மின்னோட்டத்தால் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை முள்ளை நகர்த்தியது. பட்டை மெதுவாகவே சூடேறுவதால் சிறு அலைவுகள் முள்ளில் தெரிவதில்லை. காந்தச் சுருள் மானிகள் விரைவாக இயங்குவன. அவற்றுட் சிலவற்றில் முள்ளின் அசைவைத் தணிக்கத் தடித்த சிலிக்கோன் எண்ணெய் பயன்படுகிறது. அண்மைக்கால ஊர்திகளில் நுண்செயலி பல அளவீடுகளின் சராசரியைக் கணித்துக் காட்டுகிறது. ஆகையால் இவற்றில் முள் அடிக்கடி தளம்புமாயின் உணரியையும் இணைப்புகளையும் சோதித்தல் தகும்.

பிழையான அளவீட்டின் விளைவுகள்

2004ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா, லூசியானா ஆகிய மாநிலங்களில் விற்கப்பட்ட பெட்ரோலில் கந்தகம் மிகுந்திருந்தது. இது உணரிகளின் வெள்ளித் தொடுமுனைகளை அரித்தமையால், தாங்கி வெறுமையாக இருந்தபோதும் சில மானிகள் நிறைந்திருப்பதாகக் காட்டின.

மானியை நம்பி எரிபொருள் தீர்ந்துபோனால் ஊர்தி நடுவழியில் நின்றுவிடும். தாங்கியினுள் அமைந்த மின் எக்கியை எரிபொருளே குளிர்விப்பதால், அது வற்றிய நிலையில் எக்கியும் பழுதடையலாம். எரிபொருள் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. எனவே தாங்கியைத் திறந்து உணரியை மாற்றும் பணி பயிற்சி பெற்றோரால் செய்யப்பட வேண்டியதாகும்.

இவற்றையும் பார்க்க

* ஈருலோகப் பட்டை
* மின்தடையம்
* தானுந்து