நான்காம் விதி: ஒரு துப்பாக்கியும் இரு தமிழர்களும்



மே மாதம் வந்துவிட்டால் தொழிலாளர் தினத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவரும்படி மாணவர்களிடம் சொல்கிறோம். சிகாகோ வருகிறது, எட்டு மணி நேர வேலைக் கோரிக்கை வருகிறது. அதற்கு மூன்று நாள் கழித்து வருகின்ற மே 4ஆம் நாளை நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறியார். 1949ஆம் ஆண்டு அந்நாளில்தான் கோலாலம்பூர் புடு சிறையில் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர் அவர். கொலை செய்தார் என்றோ, எவரையாவது சுட்டார் என்றோ அவர்மீது வழக்கில்லை. ஒரு கைத்துப்பாக்கியையும் ஆறு ரவைகளையும் உடன் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு.

கணபதியைப் பற்றித் தமிழில் பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை வீரவணக்கக் கட்டுரைகள். அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய சட்டவிதி எது, அது எப்படி வேலை செய்தது என்று கேட்டால் அக்கட்டுரைகளில் விடை கிடைப்பதில்லை. அதனால் இந்தப் பதிவில் அந்த விதியையே எடுத்துக்கொள்கிறேன். கையில் துப்பாக்கியுடன் ஒருவர் வழியில் போகிறார், காவல்துறையினர் எதிர்ப்படுகின்றனர். அக்கணத்தில் அவர் யாராகக் கருதப்படுகிறார்?

காலத்தைச் சற்று நினைவூட்டுகிறேன். ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிந்தபொழுது மலாயா எங்கும் ஆயுதங்கள் பரவிக் கிடந்தன. காட்டில் இருந்து ஜப்பானியரை எதிர்த்த மக்கள் படையினர் அவ்வாண்டு டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைத்துக் கலைந்தார்கள். ஆளுக்கு 350 டாலர் வழங்கப்பட்டது. எல்லா ஆயுதங்களும் திரும்பி வரவில்லை. காட்டில் புதைத்து வைக்கப்பட்டவை ஏராளம். ஓடிப்போன படைகள் விட்டுச்சென்றவையும் இருந்தன. தோட்டப்புறத்தில் வேலைக்காட்டிலோ ஆற்றங்கரையிலோ ஒருவர் கண்ணில் ஒரு துப்பாக்கி தட்டுப்படுவது அந்நாளில் நடக்கக்கூடிய நிகழ்ச்சிதான்.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில், ஜூன் 18இல், மலாயா முழுவதும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்னதாகவே தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, கணபதி தலைமையேற்றிருந்த சம்மேளனத்தின் பதிவை மறுத்துவிட்டது அரசாங்கம். இந்த வரிசையை மாணவர்களுக்குச் சொல்லும்பொழுது நான் கவனமாக இருப்பதுண்டு. அவசரகாலம் வந்ததால்தான் தொழிற்சங்கம் தடை செய்யப்பட்டது என்று பொதுவாக நினைக்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் தொழிற்சங்கமே முதலில் போயிற்று.

பின்னர் 1948ஆம் ஆண்டு அவசரகால விதிகள் வந்தன. அவற்றில் நான்காவது விதி, அனுமதியின்றித் துப்பாக்கியை ஏந்திச் செல்வதையும் ரவைகளை வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. தண்டனை மரணம். எத்தனை ஆண்டுச் சிறை என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நீதிபதிக்கு இல்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தூக்கு ஒன்றே. துப்பாக்கி வெடித்ததா, எவருக்கேனும் காயம் பட்டதா, அதை எடுத்துச் சென்றவர் என்ன எண்ணத்தில் எடுத்துச் சென்றார் என்ற கேள்விகள் தண்டனையைக் குறைக்க உதவமாட்டா.

இதே மலாயாவில், இதே தோட்டச் சாலைகளில், துப்பாக்கியை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஏந்தி நடந்தவர்களும் இருந்தார்கள். தோட்டத்துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கி இல்லாமல் வெளியே கிளம்பிய நாள் குறைவு. மனமகிழ் மன்றத்துக்குப் போனாலும் துப்பாக்கி உடன் போயிற்று. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காப்பதற்கென்று சிறப்புக் காவலர் படை அமைக்கப்பட்டது. அதில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். அவர்களுக்கும் ஆயுதம் தரப்பட்டது. அவர்கள் வைத்திருந்ததற்குக் காரணமும் இருந்தது. கம்யூனிஸ்டுகளின் குண்டுகளுக்குத் துரைமாரும் காவலர்களும் மட்டுமல்லர், கங்காணிகளும் கிராணிகளும் சாதாரணத் தொழிலாளர்களுங்கூடப் பலியானார்கள். அதை மறைத்துவிட்டு வரலாறு சொல்வது முறையாகாது. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. பெரட்டுக் களத்தில் நிற்கும் ஒரு பால்மரத் தொழிலாளி, அதிகாலையில் துரையின் இடுப்பில் ஒரு துப்பாக்கியைப் பார்க்கிறார். அதைப் போன்ற ஒன்று தன் கையில் இருந்தால் தன் கழுத்துக்குக் கயிறு என்பதையும் அவர் அறிவார்.

இனிக் கணபதிக்கு வருவோம். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கு வந்தவர். போர்க்காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றினார். போருக்குப் பிறகு தொழிற்சங்கப் பணியில் இறங்கினார். சம்மேளனம் பதிவிழந்தபின் அவர் தலைமறைவானார். 1949 மார்ச் 1ஆம் நாள் சிலாங்கூர் ரவாங் வட்டாரத்தில், வாட்டர்ஃபால் தோட்டத்துக்கு அருகில் அவர் பிடிபட்டார். துப்பாக்கி அவரிடம் இருந்தது. அது கிடைத்த பொருள் என்றும், காவல்துறையிடம் ஒப்படைக்கக் கொண்டு சென்ற வழியிலேயே பிடிபட்டார் என்றும் அவர் தரப்பில் கூறப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தலைமறைவாக இருந்த ஒரு தலைவர், தற்காப்புக்காகவே துப்பாக்கி வைத்திருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. கருதட்டும். என்னை உறுத்துவது அந்த விளக்கத்தின் உண்மையோ பொய்யோ அன்று. ஒரு வாதத்துக்காக, ஒரு தொழிலாளி உண்மையிலேயே வழியில் ஒரு துப்பாக்கியைக் கண்டெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்ய முடியும்? விட்டுவிட்டுப் போனால், கண்டும் சொல்லவில்லை என்ற சந்தேகம் வரும். எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தை நோக்கி நடந்தால், நடக்கத் தொடங்கிய முதல் அடியிலேயே ‘ஏந்திச் செல்பவர்’ ஆகிவிடுகிறார். அவரை எதிர்ப்படும் காவலரின் கண்ணுக்கு, ஒப்படைக்கப் போகிறவரும் சுடப் போகிறவரும் ஒரே தோற்றம். அந்நாளில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் சிலரிடம் இதைச் சொன்னபொழுது, ஒருவன் எழுந்து, “துப்பாக்கியத் தொடாம ஓடிப்போயி போலீஸ்கிட்ட சொல்லலாம்ல சார்?” என்றான். நல்ல விடைதான். போலீஸைக் கண்டாலே லயத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது என்பதை மட்டும் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது.

விசாரணை மார்ச் 15இல் நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிடிபட்டு இரண்டே வாரம். இந்திய அரசாங்கம் கருணை காட்டும்படி கேட்டுக்கொண்டது. அப்பொழுது மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தவர் ஜான் திவி, ம.இ.கா.வின் முதல் தலைவர், நேதாஜி இயக்கத்தில் இருந்தவர். பயனில்லை. பிடிபட்ட நாளிலிருந்து அறுபத்து நான்காம் நாள் கயிறு. அதற்கு முதல்நாள், மே 3இல், மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் இரண்டு தமிழ்த் தலைவர்கள்.

இரண்டாவது தமிழர் என்று தலைப்பில் குறித்தது வீரசேனனை அன்று. அவர் பெயர் சாம்பசிவம். நம்மில் பலர் கேள்விப்படாத பெயர். ஆனால் சட்டம் படிக்கும் மாணவர்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மட்டுமின்றி இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்கூட, இன்றுவரை இப்பெயரைப் படிக்கிறார்கள். மருத்துவம், சட்டம் என்று பிள்ளைகளுக்குக் கனவு காணும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சாம்பசிவம் 1948இல் ஜொகூரில் பிடிபட்டார். அதே நான்காம் விதி. துப்பாக்கி ஏந்திச் சென்றார் என்பது ஒரு குற்றச்சாட்டு; ரவைகள் வைத்திருந்தார் என்பது இன்னொன்று. அக்காலத்தில் நீதிபதியுடன் இரண்டு மதிப்பீட்டாளர்கள் அமர்வார்கள். பொதுமக்களிடமிருந்து எடுக்கப்படுபவர்கள், தங்கள் கருத்தைச் சொல்வார்கள். சாம்பசிவத்தின் முதல் விசாரணையில் இருவருமே இரண்டு குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். ரவைகளைப் பொறுத்தவரை நீதிபதி உடன்பட்டு அவரை விடுவித்தார். துப்பாக்கியைப் பொறுத்தவரை உடன்படவில்லை; மறு விசாரணைக்கு உத்தரவிட்டார்.

மறு விசாரணையில் காவல்துறையிடம் சாம்பசிவம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்று முக்கியச் சான்றாயிற்று. அதில் துப்பாக்கியும் இருந்தது, ரவைகளும் இருந்தன. இம்முறை குற்றவாளி என்று முடிவாகி, மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று.

1950இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் மெக்டெர்மட் பிரபு. அவர் கேட்டது, பள்ளிப் பிள்ளையும் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு கேள்வி. ரவைகள் வைத்திருந்த குற்றத்திலிருந்து ஒரு நீதிமன்றம் இவரை விடுவித்துவிட்டது. விடுதலை என்றால், மறுபடியும் அதற்காக விசாரிக்கக் கூடாது என்பது மட்டுமன்று; அவரிடம் ரவைகள் இருந்ததில்லை என்பதை அரசுத் தரப்பு உண்மையாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படியானால் ரவைகள் இருந்தன என்று சொல்கின்ற ஒரு வாக்குமூலத்தின் ஒரு பாதி பொய் என்றாகிறது. பாதி பொய்யான தாளை நீட்டி, மறுபாதியை நம்பி ஒருவரைத் தூக்கிலிடுங்கள் என்று மதிப்பீட்டாளர்களிடம் எப்படிக் கேட்க முடியும்? அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லவேயில்லையே. ஆகவே தண்டனை செல்லாது.

சாம்பசிவம் உயிர் பிழைத்தார்.

அந்தத் தீர்ப்பில் அவசரகால விதியைக் கண்டிக்கும் வரி ஒன்றையும் தேட வேண்டாம். பிரிவி கவுன்சில் அந்த விதியின் நியாயத்தை ஆராயப் புகவில்லை. துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தூக்கு என்பது அப்படியே நின்றது. அவசரகாலம் முடிந்த 1960 வரையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். சாம்பசிவத்தைக் காத்தது, முதல் விசாரணையில் “குற்றவாளி அல்லர்” என்று சொன்ன இரண்டு சாதாரண மனிதர்களும், ஓராண்டுக்கும் மேலாக நீண்ட கால அவகாசமும் என்றே நான் கருதுகிறேன். கணபதிக்குக் கிடைத்த அவகாசம் ஒன்பது வாரம். எத்தனை பெரிய தலைவர் என்பது அதில் உதவவில்லை. பார்க்கப்போனால் அதுவே எமனாயிற்றோ என்னவோ.

அவசரகாலம் முடிந்தும் அந்த விதியின் வேர் அறுபடவில்லை. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 57ஆம் பிரிவாக அது மறுபடி எழுந்தது. பாதுகாப்பு வட்டாரத்தில் துப்பாக்கியோ ரவையோ வைத்திருந்தால் கட்டாய மரணம். தக்க காரணம் உண்டு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில்.

ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டிய வழக்கு ஒன்று இதன்கீழ் வந்தது. 1977இல் பினாங்கில் கைத்துப்பாக்கியுடனும் ரவைகளுடனும் பிடிபட்ட ஒருவருக்கு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவருக்கு, இல்லை, அவனுக்கு வயது பதினான்கு. சிறாருக்குத் தூக்கு இல்லை என்று 1947ஆம் ஆண்டுச் சிறார் நீதிமன்றச் சட்டம் சொல்லியிருந்தது. 1975இல் வந்த சிறப்பு விதிகளோ பாதுகாப்புக் குற்றங்களில் வயதைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டன. இரண்டாம் படிவத்தில் உட்கார வேண்டிய பையன். நாட்டில் பெரிய சலசலப்பு எழுந்தது. இறுதியில் மன்னிப்பு வாரியத்தின் வழியாகத் தண்டனை மாற்றப்பட்டு, மலாக்காவில் உள்ள ஹென்றி கர்னி பள்ளிக்கு அவன் அனுப்பப்பட்டான். அந்தப் பள்ளியின் பெயரைக் கவனியுங்கள். கணபதி தூக்கிலிடப்பட்ட நாளில் மலாயாவின் உயர் ஆணையராக இருந்தவர் அதே ஹென்றி கர்னிதான். 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிக்கு அவரும் இரையானார்.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையையும் கைவிட்டது. மரண தண்டனை இன்னும் சட்டத்தில் உண்டு. அதை விதிப்பதா, வேறு தண்டனை கொடுப்பதா என்று எண்ணிப் பார்க்கும் உரிமை நீதிபதிக்குத் திரும்பியிருக்கிறது. நான்காம் விதி 1948இல் பறித்துக்கொண்டது அதைத்தான்.

கணபதியைத் தூக்கிலிட்ட புடு சிறையின் மதில் 2010இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இப்பொழுது பெரிய வணிக வளாகம் எழும்பியிருக்கிறது. பழைய நுழைவாயிலை மட்டும் இடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்கள், கடைகளுக்குள் நுழையும் முன் அந்த வாயிலருகே ஐந்து நிமிடம் நிற்கலாம்.