நிலவரைபடத்தில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளையும் அரசாங்கக் கோப்புகளையும் தேடுவர். அவ்வூரின் பழைய நிலவரைபடங்களை அடுத்தடுத்து விரித்து ஒப்பிடுவோர் சிலரே. அவ்வாறு ஒப்பிட்டால் எத்தகைய செய்திகள் கிட்டும் என்பதைச் சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியாகிய உலு சிலாங்கூர்ப் பள்ளத்தாக்கைக் கொண்டு இங்குக் காண்போம்.

ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் பழைய தாளில், கோலகுபு நகர் ஆற்றையொட்டிய தாழ்நிலத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தாளிலோ, கோலகுபு பாரு என்னும் புதிய நகர் மேட்டுநிலத்தில் காணப்படுகிறது. நகர் ஏன் இடம்பெயர்ந்தது? விடையை அறிய ஆற்றின் போக்கில் மேல்நோக்கிச் செல்லுதல் வேண்டும். அங்கிருந்த ஈயச் சுரங்கங்கள் கழித்த மணலும் சேறும் ஆற்றுப் படுகையை உயர்த்தின. வெள்ளம் மீண்டும் மீண்டும் நகருக்குள் புகுந்தது. ஆகவே, 1930ஆம் ஆண்டையொட்டிப் புதிய நகர் எழுந்தது.

பழைய நகர் இருந்த பகுதி இன்று அம்பாங் பெச்சா எனப்படுகிறது. மலாய்மொழியில் இதற்கு ‘உடைந்த அணை’ என்பது பொருள். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்தது; ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். அத்துயரத்தை ஈண்டு இரு சொற்கள் காத்து நிற்கின்றன.

இதே பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். மலாயாவின் தோட்டங்கள் பலவற்றுக்குத் தமிழ்த் தொழிலாளர் தமக்கெனத் தனிப்பெயர் வழங்கினர். ஆயினும், வரைபடத்தில் ஏறியவை பெரும்பாலும் உரிமையாளர் இட்ட பெயர்களே. தாளில் ஏறிய அம்பாங் பெச்சா நிலைத்தது. தாளில் ஏறாத பெயர்களோ அவற்றை வழங்கியோருடன் மறைந்துவருகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்த பின்னர், அம்மறைவு விரைவுற்றது.

இவ்விடத்தில்தான் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பணி காத்திருக்கிறது. தத்தம் வட்டாரத்தின் பழைய தாளொன்றின் நகலை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் வாழ்ந்த பெரியோரிடம் செல்வோம். லயம் எங்கிருந்தது, கோயில் எங்கிருந்தது, ஆற்றில் குளித்த துறை எது, அவற்றை எப்பெயரால் அழைத்தனர் எனக் கேட்டு, அவ்வவ்விடத்தில் தமிழில் எழுதுவோம். நில அளவையாளர் விட்ட இடத்தை நிரப்பும் காலம் இன்னும் சிறிதே எஞ்சியுள்ளது.